உறை பிரிக்காத லேசர்டிஸ்க்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லேசர்டிஸ்க் என்னும் பெரிய ஒளிவட்டுகளை ஓட்டும் பயோனியர் லேசர்ஆக்டிவ் கருவி பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்தபின், ஒசாகாவில் பணிபுரியும் நான் சேகா பேக் என்னும் செருகுபெட்டியுடன் கூடிய கருவி ஒன்றை வாங்கினேன். இப்போது நிப்பொன்பாஷியில் ஒரு கடையில் ‘வஜ்ரா 2’ விளையாட்டு வட்டு உறை பிரிக்கப்படாமல் விற்பனைக்கு வந்துள்ளது. பிரித்த பிரதியைவிட விலை பல மடங்கு அதிகம். அதை வாங்கிப் பிரிக்காமலேயே காப்பதுதானே நல்ல சேகரிப்பாளருக்கு அழகு?

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ‘வஜ்ரா 2’ உங்கள் கருவியில் ஓடாது. 1993 ஆகஸ்டில் 89,800 யென் விலையில் ஜப்பானில் வெளிவந்த லேசர்ஆக்டிவ், தனியாக வெறும் லேசர்டிஸ்க் பிளேயர் மட்டுமே. அதன் முகப்பில் செருகும் பேக்தான் அதை விளையாட்டுக் கருவியாக்குகிறது. சேகா பேக் தனக்கென வந்த ‘மெகா எல்டி’ விளையாட்டு வட்டுகளை ஓட்டும். ‘வஜ்ரா’ வரிசையோ என்இசி நிறுவனத்தின் பேக்குக்காக வந்தது. அந்த பேக்கையும் தேட வேண்டும். கிடைத்தாலும், அதிலுள்ள மின்தேக்கிகள் கசிந்து மின்சுற்றுப் பலகையை அரித்திருக்கின்றனவா என்று தேர்ந்த ஒருவரிடம் காட்டியாக வேண்டும். சேகா பேக்குக்கும் இதே நோய் உண்டு. வட்டுக்குச் செலவிட நினைத்த பணத்தில் ஒரு பகுதியை உங்கள் கருவியின் பழுதுபார்ப்புக்கு இப்போதே ஒதுக்குங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உறை பிரிக்காமல் காப்பதை நான் ஏற்கவில்லை. லேசர்டிஸ்க் என்பது இரண்டு அக்ரிலிக் தகடுகளைப் பசையால் ஒட்டிச் செய்தது; படமும் ஒலியும் அவற்றுக்குள்ளிருக்கும் மெல்லிய அலுமினியப் படலத்தில் பதிந்துள்ளன. தயாரிப்பின்போது பசையிலோ ஒட்டிய விதத்திலோ குறை இருந்தால் அந்த அலுமினியம் உள்ளிருந்தே ஆக்ஸிஜனேற்றம் அடைந்து கெடும். இதைத்தான் லேசர் ராட் என்கிறார்கள். வெளியே சுற்றிய பிளாஸ்டிக் உறை அதைத் தடுக்காது. கெட்ட வட்டு பார்வைக்குப் பளபளப்பாகவே இருக்கக்கூடும். ஓட்டும்போதுதான் திரையில் புள்ளிகள் தெறிக்கும், பிறகு தரவே படிக்கப்படாமல் போகும். ஆகவே பிரிக்காத வட்டுக்குப் பல மடங்கு விலை கொடுப்பவர், சோதிக்கவே முடியாத ஒரு பொருளுக்கு அந்த விலையைக் கொடுக்கிறார்.

இந்த விளையாட்டுகளைப் பாதுகாப்பது கடினம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘பிரமிட் பேட்ரோல்’ விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: பின்னணிக் காட்சி வட்டிலிருந்து படமாக ஓடிக்கொண்டிருக்க, அதன்மேல் எதிரிகளையும் குண்டுகளையும் சேகா பேக்கிலுள்ள மெகா டிரைவ் விளையாட்டுக் கருவியின் சுற்று வரைகிறது. நிரல் இலக்கத் தரவாகவும் படம் அனலாக் அலையாகவும் ஒரே வட்டில் கலந்திருப்பதால், குறுவட்டை நகலெடுப்பதுபோல இதைக் கணினியில் நகலெடுக்க முடியாது. பிரிட்டனின் அன்றைய வாழ்வைப் பதிவுசெய்து பிபிசி 1986இல் லேசர்டிஸ்கில் வெளியிட்ட டூம்ஸ்டே வட்டுகளைக் காப்பாற்ற ஆர்வலர்கள் உருவாக்கிய டூம்ஸ்டே டூப்ளிகேட்டர் என்னும் கருவி, லேசர் படிக்கும் மூல அலையையே அப்படியே பதிவுசெய்கிறது; படத்தையும் தரவையும் பிறகு மென்பொருள் பிரித்தெடுக்கிறது. இப்படிப்பட்ட பதிவுகளின் துணையோடுதான், கருவி வந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பின்பு, 2025இல், பழைய கருவிகளைப்போல் கணினியை இயங்கவைக்கும் ஏரஸ் எமுலேட்டர் மென்பொருளில் மெகா எல்டி விளையாட்டுகள் ஓடத் தொடங்கின. அந்த உழைப்பின்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அது சாத்தியமானது, தம் வட்டுகளை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்களால்தான். ஒரே விளையாட்டின் பல பிரதிகளைப் பதிவுசெய்தால், ஒன்றில் சிதைந்த இடத்தை மற்றொன்றைக் கொண்டு நிரப்பவும் முடியும் என்பதால், நீங்கள் வாங்கும் பிரதி எத்தனையாவதாக இருந்தாலும் பயன்படும்.

ஆகவே, பிரித்த பிரதியையே தேடுங்கள். விலை பேசுமுன் இரண்டு பக்கங்களையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வாங்கியபின் வளையாதபடி நிமிர்த்தி, ஈரப்பதமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள்; ஜப்பானின் ஜூன் மழைக்காலத்தில் இதில் கூடுதல் கவனம் தேவை. நிப்பொன்பாஷிப் பிரதிக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், வீட்டுக்கு வந்த அன்றே உறையைப் பிரித்து, என்இசி பேக் வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால், அலைப் பதிவு செய்பவர்களுக்கு அதை இரவலாகக் கொடுங்கள்.