குடல், இரைப்பைப் புற்றுநோய்: நீலகிரியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

குன்னூர்: அப்பாவுக்குப் பெருங்குடலில் மூன்றாம் நிலைக் கட்டி. ஆபரேஷன் முடிந்து, கோவையில் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்து குழாயைத் தொட்டதும் ஷாக் அடித்ததுபோல் கையை இழுத்துக்கொண்டார். அலர்ஜியா?

பதில்: இல்லை, அந்த மருந்தின் குணம். குளிர் பட்டால் நரம்புகள் தாறுமாறாகச் சுண்டும். கீழே இருப்பவர்கள் ஃபிரிட்ஜைத் தொடாமல் இருந்தால் பெரும்பாலும் போதும். உங்கள் ஊரில் காற்றே ஃபிரிட்ஜ். ஏற்றிய நாளிலிருந்து ஒரு வாரமாவது கவனமாக இருக்கட்டும். திரும்பும்போது மலையேறும் வழியில் பர்லியாரிலேயே மஃப்ளரால் மூக்கையும் வாயையும் மூடச் சொல்லுங்கள். குளிர்காற்று பட்டால் தொண்டை இறுகி, மூச்சு நின்றதுபோல் தோன்றும். வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாகக் குடித்தால் விட்டுவிடும். உதடு வீங்கினாலோ, தடிப்பு வந்தாலோ, மூச்சில் விசில் சத்தம் கேட்டாலோ அது அலர்ஜி, உடனே மருத்துவமனை.

மரத்த கைக்குச் சூடு தெரியாது. வெந்நீர்ப் பையும் கணப்பும் வேண்டாம், கையுறை போதும். குளிக்கும் நீரை வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும். அடுத்த ஏற்றத்துக்குள் மரப்பு விடவில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்றால், ஏற்றுவதற்கு முன்பே சொல்லுங்கள். அளவைக் குறைப்பார்கள், சில நேரம் அந்த மருந்தையே நிறுத்துவார்கள். மறைத்தால் மரப்பு நிரந்தரமாகலாம்.

ஊட்டி: என் அண்ணனுக்கு வாய்ப்புண் வராமலிருக்க ஐஸ் கட்டியை வாயில் வைக்கச் சொன்னார்களே. நீங்கள் சொல்வது நேர்மாறாக இருக்கிறது.

பதில்: அவருக்கு 5-எஃப்யூ என்ற கீமோ மருந்தை ஊசியாகச் சட்டென்று செலுத்தியிருப்பார்கள். அதற்கு ஐஸ் நல்லது, வாயில் ரத்த ஓட்டத்தைக் குறைத்து மருந்தைத் தள்ளி வைக்கும். ஆக்ஸாலிபிளாட்டின் சேர்ந்தால் கூடாது.

குன்னூர்: இரண்டும் சேர்த்துத்தான் ஏற்றுகிறார்கள்.

பதில்: அப்படியானால் ஐஸ் வேண்டாம். வெதுவெதுப்பான உப்பு, சோடா உப்புக் கரைசலால் வாய் கொப்பளிக்கட்டும்.

ஊட்டி: இரண்டு வார்டில் இரண்டு விதமாகச் சொன்னால் நாங்கள் யாரை நம்புவது?

பதில்: மருந்தின் பெயரை. டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறது. அதைப் படிக்காமல் பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னதைக் கேட்காதீர்கள்.

கூடலூர்: மலத்தில் ரத்தம். மூலம்தானே?

பதில்: பார்க்காமல் எப்படிச் சொல்வது? மூலமும் கட்டியும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். ஆசனவாயில் விரல் பரிசோதனை, பிறகு கொலனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது.

கோத்தகிரி: எனக்கும் ரத்தம், வலி இல்லை. மூல மாத்திரை போதுமா?

பதில்: கூடலூருக்குச் சொன்னதுதான். வலியில்லாதது ஆறுதல் அல்ல.

அரவங்காடு: ரத்தம் கண்ணில் படவில்லை. 58 வயது, ஹீமோகுளோபின் 8. இரும்புச்சத்து டானிக் குடிக்கிறேன்.

பதில்: இந்த வயதில் ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்தால் ரத்தம் எங்கே கசிகிறது என்று முதலில் தேட வேண்டும். டானிக் ஹீமோகுளோபின் எண்ணிக்கையை உயர்த்திக் கட்டியை மறைத்துவிடும். இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி, பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி, இரண்டும் தேவை.

கோத்தகிரி: தேநீர் கெடுதலா?

பதில்: தேயிலை அல்ல, சூடு. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் குடிப்பது உணவுக்குழாய்க்கு ஆகாது. ஆறவிடுங்கள்.

குன்னூர்: காப்பீட்டு அட்டை எங்கே காட்டுவது?

பதில்: மருத்துவமனையின் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் கேளுங்கள்.

குன்னூர்: இரவில் காய்ச்சல் வந்தால் காலைவரை பொறுக்கலாமா?

பதில்: கூடாது. கீமோ நடக்கும்போது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலே அவசரம், வெள்ளணுக்கள் இறங்கியிருக்கலாம். பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்காதீர்கள். கோவைக்கு மலையிறங்கக் காத்திராமல் பக்கத்துப் பெரிய மருத்துவமனையில் ரத்த அணு எண்ணிக்கை பார்த்து, ஆன்டிபயாடிக் ஊசியைத் தொடங்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்கட்டும்.