நிர்வாகிக்கு மேலே யார்?

ஊர்க் கோயிலைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிய கட்டுரையை ஒரு நிர்வாகி நீக்கிவிட்டார், மேலே யாரிடம் புகார் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மேலே என்று யாரும் இல்லைங்க. நிர்வாகியும் உங்களைப் போல சம்பளமில்லாமல் எழுத வந்தவர்தான்; மற்ற பயனர்கள் ஒப்புக்கொண்டதால் பக்கத்தை நீக்க, பூட்ட, விஷமம் செய்பவரைத் தடுக்க நாலு பொத்தான் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். எது சரியான தகவல் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கும் கிடையாது.

உங்கள் விஷயத்தில் அவர் மேல் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. கோயிலின் இணையதளத்தில் இருந்த தல வரலாற்றை அப்படியே எடுத்துப் போட்டதாக நீங்களே சொல்கிறீர்கள், அது பதிப்புரிமைச் சிக்கல், யார் பார்த்தாலும் நீக்கத்தான் செய்வார்கள். அதையே திரும்பத் திரும்பப் போடாதீர்கள், தலைப்பையே பூட்டிவிடுவார்கள். எந்தப் பக்கத்தை யார், ஏன் நீக்கினார் என்ற பட்டியலான நீக்கல் பதிவில் அவர் எழுதியிருக்கும் காரணத்தைப் பாருங்கள், பிறகு அவருடைய பேச்சுப் பக்கத்தில் மரியாதையாக ஒரு வரி கேளுங்கள். பதில் இல்லையா, எல்லாரும் கூடிப் பேசும் ‘ஆலமரத்தடி’ என்ற பொதுப் பக்கத்தில் போடுங்கள், அங்கே மற்றவர்களும் பார்ப்பார்கள். அதற்குள் உங்கள் மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பார்ப்பதற்கான பக்கத்தில், சொந்த நடையில், நாளிதழ், கல்வெட்டு நூல் என்று சான்று காட்டி எழுத ஆரம்பித்துவிடுங்கள்.