சமையலறைக்கு ரேடியேட்டர் வேண்டுமா? டில்லி வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: மயூர் விஹாரில் பழைய ஃபிளாட். தீபாவளி முடிந்ததும் சமையலறையை இடித்துப் புதுப்பிக்கப் போகிறோம். எட்டடிக்குப் பத்தடி, பத்தடி உயரம். ஜனவரியில் காலை ஐந்தரைக்கு உள்ளே போனால் விரல்கள் விறைத்துவிடுகின்றன. ஜெர்மனியில் இருக்கும் மகன், அங்கே இருப்பதுபோல் சுவரோடு ஒரு ரேடியேட்டர் பொருத்திவிடச் சொல்கிறான். பகீரத் பேலஸ் மின்சாதனச் சந்தையின் கடைக்காரரோ 13 ஃபின் (சூட்டைப் பரப்பும் தகடு) உள்ள ஆயில் ஹீட்டர்தான் கரண்டை மிச்சப்படுத்தும் என்கிறார். எலெக்ட்ரீஷியன் பிளக் எங்கெங்கே வேண்டும் என்று நச்சரிக்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி

பதில்: எலெக்ட்ரீஷியன் பேச்சை. அவர் கேட்கிற அவசரத்தில் மட்டும் பதில் சொல்லிவிடாதீர்கள்.

மகன் பார்க்கும் ரேடியேட்டருக்குள் ஓடுவது சுடுநீர். கொதிகலன், வீடு முழுக்கக் குழாய், சூட்டை வெளியே விடாத இரட்டைக் கண்ணாடி ஜன்னல் எல்லாம் சேர்ந்த ஏற்பாடு அது. நம் ஊர்க் கடைகளில் ரேடியேட்டர் என்று கிடைப்பது சக்கரம் வைத்த ஆயில் ஹீட்டர். அதில் ஃபின் கூடினால் பரப்பு கூடும், எடை கூடும், விலையும் கூடும். மிச்சம் மட்டும் கூடாது. 2,000 வாட் இழுக்கும் ஹீட்டர், ஒன்பது ஃபின்னானாலும் பதின்மூன்றானாலும், 2,000 வாட் சூட்டைத்தான் தரும். மூன்று மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் ஆறு யூனிட், மாதத்துக்கு 180. டில்லியில் 200 யூனிட் வரை இலவசம் என்ற சலுகையை நம்பியிருப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம், அடுப்புக்கு மேலே புகையை உறிஞ்சும் உங்கள் சிம்னி. சமையலறையில் உள்ள மொத்தக் காற்று ஏறக்குறைய 23 கன மீட்டர். மணிக்கு 1,000 கன மீட்டர் உறிஞ்சும் என்று பெட்டியில் போட்டிருக்கும் சிம்னி, அதில் பாதியை உறிஞ்சினாலும்கூட, மூன்று நிமிடத்துக்குள் அறைக் காற்று முழுவதையும் வெளியே தள்ளிவிடும். ஹீட்டர் சூடேறவே இருபது நிமிடம் ஆகும். நீங்கள் காசு கொடுத்துக் காய்ச்சுவது டில்லி வானத்தை! சரி, சிம்னியை அணைத்து ஜன்னலையும் மூடிவிடலாமே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். அடுப்பு எரியும் அறையில் காற்றோட்டத்தை அடைப்பது ஆபத்து. சிலிண்டர் உள்ள வீட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவும். தரையில் நிற்கும் ஹீட்டரில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோ 'டிக்' என்று மின் இணைப்பை விட்டு விட்டுத் தொடுப்பது; அப்போது சிறு பொறி எழலாம். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது.

உங்களை உண்மையில் வாட்டுவது குழாய்த் தண்ணீரும் வெறும் தரையும்தான் என்று நினைக்கிறேன். சிங்க் அருகே ஒரு மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர், காலடியில் தடித்த ரப்பர் விரிப்பு. பாதிக் குளிர் போய்விடும். ஆயில் ஹீட்டர் வாங்கத்தான் வேண்டுமென்றால் ஹாலுக்கு வாங்குங்கள், பெரியவர்கள் உட்காரும் இடத்துக்கு.

இனி பிளக். டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒரு பாயிண்ட் கூட்டுவது என்பது சுவரையும் பணத்தையும் சேர்த்து உடைப்பது. ஆகவே மேடையின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டுவிட்டு, ஒரு சாக்கட்டியோடு நில்லுங்கள். காலையில் சட்னி அரைக்கும் மிக்சி எங்கே, கிரைண்டர் எங்கே, இண்டக்‌ஷன் அடுப்பு எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கல் குறி. மிக்சியின் ஒயர் ஒரு மீட்டர்தான் வரும் என்பதை நினைவில் வையுங்கள். அடுப்புக்கு நேர் மேலே குறி விழுந்தால் அழியுங்கள்: எரியும் பர்னரைத் தாண்டிக் கை நீட்டி சுவிட்ச் போடும் வீடுகள் எத்தனையோ! அடுப்பிலிருந்தும் சிங்கிலிருந்தும் இரண்டடி தள்ளி, மேடைக்கு மேல் எட்டு, ஒன்பது அங்குலத்தில் இருந்தால் வசதி. சிம்னிக்கு ஏழடி உயரத்தில் ஒன்று. கீசருக்கு அதன் பக்கவாட்டில். தண்ணீர் சொட்டக்கூடிய அடிப்பக்கத்தில் அல்ல. பாத்திரம் கழுவும் இயந்திரம் வைப்பதானால், பிளக் அதன் முதுகுக்குப் பின்னால் வேண்டாம், பக்கத்து அலமாரிக்குள் இருக்கட்டும். இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்க இயந்திரத்தையே இழுக்க வேண்டிவரும்.

3,000 வாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். ஹாலுக்கு வாங்கும் ஹீட்டர் 2,500 வாட் என்றால் ஏறக்குறைய 11. இரண்டுக்கும் 16 ஆம்பியர் பவர் பிளக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி எம்.சி.பி.யும் (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் கேளுங்கள். மேடையில் உள்ள பவர் பிளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போதும். முழு வீட்டுக்கும் மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம். ஈரக் கையோடு வேலை செய்கிற இடம் இது. எர்த் ஒயர் ஒவ்வொரு பிளக்கிலும் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று முன்னால் நின்று பாருங்கள். மூன்றாவது துளை அலங்காரத்துக்கு இருப்பதல்ல.

ஒயர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உள்ள உரிம எண்ணை, முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பார்கள்; மறுத்துவிடுங்கள். பூசுவதற்கு முன், ஒயர் ஓடும் சுவர்க்குழாய்களை அளவுநாடா வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அலமாரிக்கு ஆணி அடிக்கும்போது உதவும். மின் கட்டண ரசீதில் அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட் என்றும் பாருங்கள். உபயோகம் தொடர்ந்து அதை மீறினால் லோடை உயர்த்திவிடுவார்கள். நிலைக்கட்டணமும் சேர்ந்து ஏறும்.

கேள்வி: முனிர்க்காவில் வாடகை வீடு. 6 ஆம்பியர் பிளக் மட்டுமே இருக்கிறது. பெரிய பிளக்கைச் சின்னத் துளையில் செருக உதவும் கன்வர்ட்டர் போட்டு ஹீட்டர் ஓட்டலாமா?

பதில்: கூடாது. ஏற்கெனவே ஓட்டியிருந்தால் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றித் துளைகளைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, லேசாக உருகிய வாடை வந்தால் அந்தப் பாயிண்டை இனி எதற்கும் பயன்படுத்தாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியும் இதற்கு மாற்றல்ல. வீட்டுக்காரரிடம் தனி ஒயரோடு ஒரு பவர் பிளக் கேளுங்கள், அதுவரை கம்பளி.

கேள்வி: கரோல் பாகில் வாங்கிய ஆயில் ஹீட்டர் ஒரே சீசனில் எண்ணெய் கசிகிறது. காசு கொடுத்தால் எண்ணெய் நிரப்பித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர்.

பதில்: அந்த எண்ணெய் எரிந்து தீர்வதில்லை, மூடி முத்திரையிட்டே விற்கிறார்கள், நிரப்புகிற வேலையே கிடையாது. கசிந்தால் பொருளில் குறை. இனி அதை ஓட்டாதீர்கள். உத்தரவாதக் காலம் இருந்தால் பில்லோடு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து மாற்றித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.