சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எளிதாகத் தொடரக்கூடிய வழக்கங்கள் எவை? உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?

பெங்களூரில் தனிக்குடித்தனம், ஐந்து வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளைகள், இரண்டு பேருமே வேலைக்குப் போகிறோம், சொந்த ஊர் தருமபுரிப் பக்கம் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் இருப்பது பாலக்கோடு பக்கம். மகளுக்கு ஆறு முடியப்போகிறது, பையனுக்கு மூன்று. வீட்டுக்காரருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. அதனால் "தினமும் இத்தனை மணிக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து" என்று ஆரம்பிக்கும் யோசனை எதுவும் எங்கள் வீட்டில் ஒரு வாரத்தைத் தாண்டாது. தாண்டி நின்ற வழக்கங்களைப் பார்த்தால் எல்லாவற்றிலும் பிள்ளைகளுக்கென்று ஒரு வேலை இருக்கிறது. அவர்கள் சும்மா வேடிக்கை பார்க்கும் வழக்கத்தை நாம்தான் இழுத்துக்கொண்டு போகவேண்டும். வேலை கொடுத்துவிட்டால் அவர்களே நம்மை இழுப்பார்கள்.

களியைச் சொல்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி எங்கள் வீட்டில் ராகிக் களிதான். நொய்யை வேகவிட்டு, மாவைக் கொட்டி, துடுப்பால் கிளறுவது அத்தையின் வேலை. அந்த நேரத்தில் அடுப்பு பக்கம் பிள்ளைகள் வரக்கூடாது. உருண்டை தட்டுக்கு வந்த பிறகு அதன் நடுவில் குழி பறிப்பது மகளின் வேலை. ஈரக் கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தி, எல்லோர் தட்டிலும் அவள்தான் குழி போடுவாள். அதில் கீரைக் கடைசலோ அவரைக்கொட்டைக் குழம்போ ஊற்றும் உரிமை பையனுக்கு. பாதி வெளியே போகும், சரி. ராத்திரி ஷிப்ட் வாரத்தில் அப்பாவுக்கு டிபன் பாக்ஸில் போகும் களிக்கும் குழி உண்டு. மூடியை மூடினால் குழி நசுங்கிவிடும் என்று சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. களி வேண்டாம், தோசை வேண்டும் என்று இதுவரை இரண்டும் அடம்பிடிக்காததற்கு இந்தக் குழிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வருஷத்தில் ஒரு முறை வருவதில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொங்கலையும் தீபாவளியையும் விடப் பெரியது ஆடி 1, தேங்காய் சுடும் நாள். சேலம், தருமபுரிப் பக்கத்தை விட்டு வெளியே சொன்னால் "தேங்காயைச் சுடுவீர்களா?" என்று சிரிப்பார்கள். பாரதப் போர் ஆடி 1-ல் தொடங்கி 18-ல் முடிந்தது, போருக்கு முன்னால் பிள்ளையாருக்குச் சுட்ட தேங்காய் படைத்தார்கள் என்று இங்கே கதை சொல்வார்கள். ஊரில் பாரதக் கூத்து பார்த்த பிள்ளைகளுக்குப் பீமன், துரியோதனன் எல்லாம் தெரிந்தவர்கள் என்பதால் கதை சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அவர்களைப் பிடித்து வைத்திருப்பது கதை இல்லை, நாரெல்லாம் உரித்த தேங்காயைத் தரையில் போட்டுத் தேய்க்கும் வேலை. முதல் நாள் சாயங்காலமே ஆரம்பித்துவிடும். ஓட்டில் ஒரு பிசிறு இல்லாமல் வழவழவென்று ஆகும்வரை தேய்க்கவேண்டும், இல்லாவிட்டால் நெருப்பில் நார்தான் முதலில் பற்றும். சிமெண்ட் வாசலில் நான்கு பிள்ளைகள் சேர்ந்து தேய்க்கும் சத்தத்தில் டிவி கேட்காது. நல்லதுதான்.

அப்புறம் கண் திறப்பது. மூன்று கண்ணில் ஒன்று மெத்தென்று இருக்கும். எது என்று விரலால் தொட்டுக் கண்டுபிடிக்கும் வேலை பையனுக்கு, குத்தித் திறப்பது பெரியவர்களுக்கு. தண்ணீரை டம்ளரில் வடித்துவிட்டு, பொட்டுக்கடலை, அவல், வறுத்த பச்சைப்பயறு, எள், பொடித்த வெல்லம், ஒரு ஏலக்காய் எல்லாம் கலந்து அந்தச் சின்ன ஓட்டை வழியாகவே உள்ளே தள்ளவேண்டும். பெரியவர்கள் விரலுக்கு இது எரிச்சலான வேலை, பிள்ளைகள் விரலுக்கு அளவாக இருக்கிறது. வடித்த தண்ணீரில் கொஞ்சம் திரும்ப ஊற்றி, மஞ்சள் தடவிய அழிஞ்சிக் குச்சியைக் கண்ணில் செருகிவிட்டால் தயார். மிச்சத் தண்ணீர் யாருக்கு என்ற சண்டை ஒவ்வொரு வருஷமும் உண்டு. தெருவே சேர்ந்து ஒரே இடத்தில் தீ மூட்டி, ஆளாளுக்குக் குச்சியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு நிற்போம். சின்னவனுக்கு நீளக் குச்சி, பின்னால் அப்பா கை. ஓடு கருத்து, வெடிப்பு விட்டு, வெல்லம் உருகும் வாசனை வந்ததும் எடுத்து, பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைப்போம். உள்ளே தேங்காய்ப் பருப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பூரணத்தைச் சுரண்டித் தின்ன வேண்டும். பக்கத்து வீட்டுத் தேங்காயில் எள் தூக்கல், எங்களுடையதில் வெல்லம் தூக்கல் என்று ராத்திரி வரைக்கும் விமர்சனம் நடக்கும்.

ஆடி 18-க்கு ஒகேனக்கல் போகலாமே என்று வருஷாவருஷம் யாராவது சொல்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் மூன்று வயதுப் பையனைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை. புளியமரத்தில் தூரி (ஊஞ்சல்) கட்டினால் போதும், அவர்களுக்கும் அதுதான் வேண்டும்.

பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பொறுப்பு அப்பாவுடையது. போகியன்று பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ மூன்றும் பறித்து வந்து சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி, வாசல், மாட்டுக்கொட்டகை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றிலும் செருகவேண்டும். எங்கெங்கே விட்டுப்போயிற்று என்று சொல்வது மகள். சைக்கிளுக்கும் ஒரு கட்டு வாங்கிவிட்டாள். அம்மா ஒருத்தியே எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டுக் கடைசியில் குடும்பமாக உட்கார்ந்து போட்டோ எடுப்பதை நான் எளிய வழக்கம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். இதை நீங்களும் ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். யுகாதிக்கு அங்கிருந்து ஒப்பட்டு, அதாவது போளி, வரும். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது அத்தை சட்டம். கொஞ்சம் சர்க்கரையாவது, இரண்டு மாங்காயாவது போட்டு, பிள்ளைகள் கையில்தான் கொடுத்தனுப்புவோம். இதற்குச் செலவும் இல்லை, ஏற்பாடும் இல்லை. அபார்ட்மெண்டிலும் செய்யலாம்.

தருமபுரிப் பிள்ளைகளுக்கு அதியமான் நெல்லிக்கனி கதை சொல்லாமல் இருக்கமுடியுமா? நெல்லிக்காய் வாங்கும்போதெல்லாம் சொல்வோம், கதையோடு ஒரு காயாவது உள்ளே போகட்டும் என்றுதான். ஒரு வாய் கடித்துப் பார்த்துவிட்டு, "அதனாலதான் ஔவைப் பாட்டிக்குக் கொடுத்துட்டாரு" என்று முடித்துவிட்டாள் மகள். கதை தொடர்கிறது, காய்தான் போகமாட்டேன் என்கிறது.

உங்களுக்கு பெங்களூரில் ராகி மாவுக்குப் பஞ்சமில்லை, களியில் குழி பறிப்பதை இந்த வாரமே ஆரம்பித்துவிடலாம். தேங்காய்க்குத்தான் யோசிக்கவேண்டும். கேஸ் அடுப்பில் சுடுகிறவர்கள் உண்டு, ஓடு எப்போது வெடிக்கும் என்று தெரியாது என்பதால் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் செய்யமாட்டேன். மொட்டைமாடியில் இடம் கிடைத்தால் நான்கு செங்கல்லை அடுக்கி, ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம். ஆடி 1 பெரும்பாலும் ஜூலை 17-ல் வரும், சில வருஷம் ஒரு நாள் முந்தும். அதற்குச் சில நாள் முன்பே இங்கே சந்தையில் குச்சி கட்டுக்கட்டாக வந்துவிடும், ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். கிடைக்காவிட்டால் பச்சை மூங்கில் குச்சி போதும். ஆளுக்கு ஒன்று போக இரண்டு கூடுதலாக வாங்குங்கள், எப்படியும் சண்டையில் ஒன்று ஒடியும்.