பழைய காருக்கு வீட்டிலேயே குஷன் அடிக்கலாமா?

மலையகத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் பதுளையில் குஷன் வேலை செய்பவர்.

ஹட்டனிலிருந்து: அண்ணே, தாத்தாவுடைய மொரிஸ் மைனர். டிரைவர் சீட்டில் தையலோரம் கிழிந்து ஸ்ப்ரிங் குத்துகிறது. மேலே புது ரெக்சின் போட்டால் போதுமா?

போதாது தம்பி. ஸ்ப்ரிங் குத்துகிறதென்றால் கோளாறு உள்ளே இருக்கிறது. ஸ்ப்ரிங்குக்கும் மெத்தைக்கும் நடுவில் சணல் சாக்கு ஒன்று விரித்திருப்பார்கள். அது உளுத்துப்போனால் கம்பி மெத்தையை அரித்துக்கொண்டே மேலே வரும். சீட்டைக் கழற்றி முற்றத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு பக்கமும் படம் எடுத்துவிட்டு உறையைக் கழற்றுங்கள். கம்பித் துருவைப் பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஒக்சைட் என்ற துருத்தடுப்புப் பெயின்ட் அடியுங்கள். உடைந்த ஸ்ப்ரிங்கை வெல்டிங் பண்ணக் கொடுக்காதீர்கள், சூட்டில் அதன் முறுக்கு போய்விடும். மாற்றுவதுதான் சரி. பிறகு புதுச் சாக்கு அல்லது கென்வஸ் துணியை இழுத்துக் கட்டுங்கள்.

பழைய உறையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், உங்களுக்கு அளவே அதுதான். பிரிப்பதற்கு முன்னால் தையலுக்குக் குறுக்கே இரண்டு துண்டிலும் படும்படி பேனாவால் கோடு போட்டு, துண்டுகளுக்கு நம்பரும் எழுதுங்கள். தைக்கும்போது கோட்டோடு கோடு சேர்ந்தால் துண்டு சரியாக உட்காரும். இன்னொன்று: டிரைவர் சீட் உறை வருடக்கணக்காக இழுபட்டிருக்கும். அதை வைத்து வெட்டினால் புது உறையும் தொளதொளவென்றுதான் வரும். அதிகம் ஆள் உட்காராத இடப்பக்கச் சீட்டில் அளவெடுத்து, இடவலம் மாற்றி வெட்டுங்கள்.

நுவரெலியாவிலிருந்து: வீட்டுத் தையல் மெஷின் தாங்குமா?

பழைய இரும்பு சிங்கராக இருந்தால் இரண்டு மடிப்புக்குத் தாங்கும். பைப்பிங், அதாவது ஓரத்தில் வைத்துத் தைக்கும் கயிறு மாதிரியான வரம்பு, வரும் இடத்தில் நாலு மடிப்பாகிவிடும், அங்கே மட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஊசி 16 அல்லது 18, நூல் பொலியெஸ்டர். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும். தையல் நீளம் 4 மில்லிமீற்றர் வையுங்கள். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைப்பார்கள்; ரெக்சினில் அது தபால் முத்திரைத் தாளில் ஓட்டை போட்ட மாதிரி, இழுத்தால் அந்த வரிசையிலேயே கிழியும். குண்டூசியும் குத்த வேண்டாம், ஓட்டை மறையாது. துணி கிளிப் போதும்.

தலவாக்கலையிலிருந்து: ஒவ்வொரு மழைக்கும் சீட் பூஞ்சணம் பிடித்து நாறுகிறது. எந்தத் துணி போடலாம்?

எந்தத் துணி போட்டாலும் நாறும், தண்ணீர் உள்ளே வருகிறது. முன் கண்ணாடி ரப்பரையும் கதவடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளையும் பாருங்கள். ஒருவரை உள்ளே உட்காரவைத்து, வெளியிலிருந்து ஹோஸால் தண்ணீர் அடித்தால் தெரிந்துவிடும். அதை அடைத்த பிறகு குஷனைப் பற்றி யோசிக்கலாம். உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழை, பெப்ரவரி மார்ச்சில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். பண்டாரவளைக்காரர்களுக்கு ஜூலையிலும் நல்ல வெயில் கிடைக்கும், கொடுத்துவைத்தவர்கள்.

கண்டியிலிருந்து: வொக்ஸ்வேகன் பீட்டில். பின் சீட்டில் தும்பு உதிர்ந்து கொட்டுகிறது. ஸ்பஞ்ச் போடலாமா ஐயா?

போடலாம். ஆனால் பீட்டிலுக்குப் பின் சீட்டின் கீழ்தான் பெட்டரி. மெத்தை இளகி, கனமான ஆள் உட்கார்ந்தால் ஸ்ப்ரிங் இறங்கி பெட்டரி முனைகளில் பட்டுவிடும். பொறி பறந்தால் காய்ந்த தும்பு உடனே பற்றும். இப்படித் தீப்பிடித்த பீட்டில்கள் உலகம் முழுக்க உண்டு. பெட்டரியின் மேல்மூடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் வாங்கிப் போடுங்கள். உயரம் கூடிய பெட்டரி வேண்டவே வேண்டாம்.

பண்டாரவளையிலிருந்து: அண்ணா, ஸ்பஞ்ச் எப்படிப் பார்த்து வாங்குவது?

பெருவிரலால் அமுக்கிப் பாருங்கள் தங்கச்சி. லேசாக அடித்தட்டு வரை போனால், அது தலையணைக்குத்தான். அடியில் கெட்டியானது, மேலே ஓர் அங்குலம் மெதுவானது. உறை மாட்டும்போது ஸ்பஞ்சின் மேல் மெல்லிய பொலித்தீன் விரித்தால் வழுக்கிக்கொண்டு போகும், பிறகு உருவிவிடலாம்.

மீண்டும் நுவரெலியாவிலிருந்து: மூலையில் சுருக்கம் போகவே மாட்டேன் என்கிறது.

உங்கள் ஊர்க் குளிரில் ரெக்சின் விறைத்து நிற்கும். நடுப்பகல் வெயிலில் போட்டுவையுங்கள், வெயில் இல்லாவிட்டால் ஹெயார் டிரையர். சூடு இருக்கும்போதே முன்பக்க நடுவில் மாட்டி, அடுத்துப் பின்பக்கம், கடைசியில் மூலைகள்.

ஹப்புத்தளையிலிருந்து: அசல் தோல்தான் கௌரவம் என்கிறார்களே?

பிற்கால மொரிஸ் மைனர்கள் கம்பனியிலிருந்தே வைனைல், அதாவது ரெக்சின் மாதிரிச் செயற்கைத் தோல், சீட்டோடு வந்தவைதான். முதல் வேலைக்குத் தோல் வேண்டாம், ஒரு வெட்டு பிழைத்தாலும் காசு போச்சு.

கம்பளையிலிருந்து: எந்தச் சீட்டில் தொடங்குவது?

பின் சீட்டின் அடி மெத்தை. பெரிய, தட்டையான துண்டு, வளைவு குறைவு. தையல் கொஞ்சம் கோணினாலும் கார் சொந்தக்காரர் முன்னால்தானே உட்காருவார்.