கோயில் கொடைக்கு ரெக்கார்ட் பண்ண எந்த மெமரி கார்டு வாங்கலாம்?

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஊரு வள்ளியூர் பக்கம், சின்னதா ஒரு வில்லுப்பாட்டு குழு வச்சிருக்கோம். செகண்ட்ஹேண்டுல சூம் ஆர்16 ரெக்கார்டர் ஒண்ணு வாங்கி சித்திரைக் கொடையில பாட்டுக்காரருக்கு ஒண்ணு, பின்பாட்டுக்கு ரெண்டு, உடுக்கை, குடம், வில்லு, கட்டை, கூட்டத்துக்கு ஒண்ணுன்னு எட்டு மைக் போட்டு 24 பிட்ல பதிஞ்சோம். கார்டு ஆன்லைன்ல எடுத்த 32 ஜிபி, ரொம்ப மலிவா கெடச்சுது. ராத்திரி பூரா மெஷின் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு, ஒரு எர்ரர் கூட வரல. வீட்டுல வந்து போட்டுப் பாத்தா மொத ரெண்டு மணி நேரம் கணீர்னு கேக்கு, அதுக்கப்புறம் உள்ளதெல்லாம் பேரு மட்டும் வரிசையா நிக்கி, ஒண்ணும் தொறக்க மாட்டேங்கு. சாமக்கொடைப் பாட்டு பூராவும் போச்சு. கார்டு ஸ்லோ, 170 எம்பி ஸ்பீடு போட்டிருக்கது வாங்குங்கன்னு ஒருத்தர் சொல்லுதாரு. ஆடிக் கொடைக்குள்ள வாங்கணும், எது நல்லது?

பதில்: தம்பி, ஸ்பீடுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். ஆர்16 44.1 கிலோஹெர்ட்ஸ்லதான் பதியும், 24 பிட்டுன்னா ஒரு ட்ராக்குக்கு செகண்டுக்கு 1,32,300 பைட், எட்டு ட்ராக்கும் சேத்தா செகண்டுக்கு ஒரு எம்பிக்கு கொஞ்சம் மேல, அம்புட்டுதான். மணிக்கு 3.8 ஜிபி வரும். ரெண்டு மணி நேரம் நல்லாருக்குங்கீங்கல்லா, அப்ப 7.6 ஜிபி. கணக்கு எங்க போய் நிக்கின்னு பாத்தீங்களா, உள்ள இருக்க சிப்பு 8 ஜிபி, மேல அச்சடிச்சிருக்கது 32. கார்டை கையில வாங்கிப் பாக்காமலே சொல்லுதேன், நூத்துக்குத் தொண்ணூறு அது போலிதான்.

இது எப்படி நடக்குன்னா, எஸ்டி கார்டுக்குள்ள கன்ட்ரோலர்னு ஒரு குட்டி சிப்பு உண்டு, ஒன்கிட்ட எம்புட்டு எடம் இருக்குன்னு மெஷின் கேட்டா அதுதான் பதில் சொல்லும், போலி கார்டுல அதை 32ன்னு பொய் சொல்ல வச்சு விட்டிருப்பான். 8 ரொம்பினதுக்கு அப்புறம் எழுதுறது எங்கயும் போய்ச் சேராது. சில கார்டு திரும்ப மொதல்ல இருந்து மேலயே எழுதி பழசையும் சேத்து அழிச்சிரும், உங்களுக்கு அது நடக்காம தப்பிச்சீங்க. ஃபைல் பேரும் அளவும் எழுதுற பட்டியல் கார்டோட ஆரம்பத்துலயே இருக்கதால அது மட்டும் சமத்தா தெரியும். ரெக்கார்டர் எழுதினதை அப்பப்ப திரும்பப் படிச்சு சரிபாக்காது, அதான் எர்ரர் வரல. அந்த ரெண்டு மணி நேரத்துக்கப்புறம் உள்ளது கார்டுலயே இல்ல, எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் வராது, அதுக்கு யார்ட்டயும் காசு குடுத்து ஏமாறாதீங்க.

உறுதி பண்ணிக்கிடணும்னா விண்டோஸ் கம்ப்யூட்டர்ல ஹெச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு ஓசி சாஃப்ட்வேர் இருக்கு, லினக்ஸ் மேக் வச்சிருக்கவங்களுக்கு எஃப்3. கார்டு பூராத்தையும் ஏதோ டேட்டா போட்டு ரொப்பி, திரும்பப் படிச்சு, எழுதினதுதான் இருக்கான்னு பாக்கும். (நல்லாருக்க அந்த ரெண்டு மணி நேரத்தை மொதல்ல காப்பி பண்ணி வச்சிட்டு ஓட்டுங்க.) 32 ஜிபி கார்டு எழுதவே முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும், அப்புறம் படிக்கணும், ஓட விட்டுட்டு சாப்பிடப் போயிரலாம். இனிமே எந்தக் கார்டு வாங்கினாலும், எந்தக் கடையில வாங்கினாலும், திருப்பிக் குடுக்குற நாள் முடியுறதுக்குள்ள இந்த டெஸ்ட்டை ஓட்டிருங்க. நான் என் மச்சான் கடையில வாங்கினாலும் ஓட்டுதேன், அவன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடுவான், பரவால்ல.

இனி வாங்குற விஷயம். ஆர்16 மேனுவல்ல 32 ஜிபி வரைக்கும்னுதான் போட்டிருக்கான். 32 வரைக்கும் உள்ளது எஸ்டிஹெச்சி, அதுக்கு மேல 64, 128 எல்லாம் எஸ்டிஎக்ஸ்சி, அது வேற ஃபார்மட்ல வரும், பழைய மெஷினுக்கு அது புரியாது. சில பேரு 64ஐ எப்படியோ ஃபார்மட் மாத்திப் போட்டு ஓடுதுங்காங்க, ஓடலாம், ஆனா கொடை அன்னைக்கு ராத்திரி அந்தப் பரிசோதனை நமக்கு எதுக்கு. (சூம் ஹெச்6 வச்சிருக்கவங்க 128 வரைக்கும் போடலாம். எந்த மெஷினா இருந்தாலும் அதோட மேனுவல பாத்துட்டு கடைக்குப் போங்க.) ஒரு 32 ஜிபியே எட்டு ட்ராக்குக்கு எட்டு மணி நேரம் தாங்கும். நான் சொல்லுறது, 32 ஜிபி ரெண்டு வாங்குங்க, முடிஞ்சா மூணு. மொத நாள் குடியழைப்புக்கு ஒண்ணு, கொடைக்கு ஒண்ணுன்னு வச்சுக்கிட்டா ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு மிச்சம். பெரிய கார்டு ஒண்ணே ஒண்ணு வாங்கி மூணு நாள் பாட்டையும் அதுக்குள்ள அடைக்குறதுல எனக்கு சம்மதமே இல்ல.

அட்டையில போட்டிருக்க 170, 200 எல்லாம் படிக்கிற ஸ்பீடு, பெரிசா அதைத்தான் போடுவான். வட்டத்துக்குள்ள 10, இல்லன்னா யு எழுத்துக்குள்ள 1ன்னு இருந்தா செகண்டுக்கு குறைஞ்சது 10 எம்பி எழுதும்னு அர்த்தம், நமக்குத் தேவை ஒண்ணு, போதாதா? யு3, வி30 வீடியோக்காரங்களுக்கு, ஏ1 ஏ2 போன்ல ஆப் போடுறவங்களுக்கு. நல்ல கம்பெனி கார்டு, சான்டிஸ்க், கிங்ஸ்டன், டிரான்சென்ட், எதுன்னாலும் சரி, ஆனா அந்தப் பேருல போலியும் அடிச்சு வருது, அதனால பேரை விட வாங்குற எடம் முக்கியம். திருநெல்வேலி ஜங்ஷன்ல, வண்ணார்பேட்டையில பில்லு குடுக்குற கேமரா கடையில எடுங்க. ஆன்லைன்னா விக்கிறவன் யாருன்னு பாருங்க. 512 ஜிபி முந்நூறு ரூபாய்னு கண்டா அந்தப் பக்கமே போகாதீங்க.

ஸ்பீடு போதும்னா அப்புறம் ஏன் நல்ல கார்டுலயும் சில சமயம் ரெக்கார்டிங் நிக்கின்னு கேப்பீங்க. எனக்கே நடந்துச்சு, ஒரு இசக்கியம்மன் கோயில்ல, மேளம் உச்சத்துல போய்க்கிட்டு இருக்கும்போது டக்குனு நின்னுட்டு. கார்டு ஒரிஜினல். தப்பு என்மேல, ஒரே கார்டை ஒரு வருஷமா கம்ப்யூட்டர்ல போட்டு வேண்டாததை மட்டும் அழிச்சு அழிச்சு ஓட்டிக்கிட்டு இருந்தேன். அப்படி ஓட்டினா காலி எடம் துண்டு துண்டா செதறிக் கிடக்கும், ஃபிளாஷ் மெமரி ஒரு பெரிய கட்டத்தை மொத்தமா அழிச்சாத்தான் புதுசா எழுதும், அதுக்கு கார்டு நடுவுல ஒரு மூச்சு நின்னு வேலை பாக்கும், அதுவரைக்கும் சத்தத்தைப் பிடிச்சு வைக்குற பஃபர்னு ஒரு எடம் மெஷின்ல உண்டு, அது குட்டி, அது வரைக்கும் தாங்காம ரெக்கார்டிங்கை நிப்பாட்டிரும். அதனால ஒவ்வொரு கொடைக்கு முன்னாலயும் பழசை ரெண்டு எடத்துல காப்பி பண்ணிட்டு கார்டை மெஷின்லயே ஃபார்மட் பண்ணுங்க, கம்ப்யூட்டர்ல வேண்டாம். ஹெச்6 மாதிரி மெஷின்ல கார்டு டெஸ்ட்டே மெனுவுல இருக்கு, உங்களதுல எட்டு மைக்கும் போட்டு வீட்டுலயே ரெண்டு மூணு மணி நேரம் சும்மா ஓட விட்டு, பதிஞ்சதைக் கடைசி வரைக்கும் போட்டுக் கேளுங்க, இப்படிப் பண்ணியிருந்தா போலி கார்டா இருந்தா அன்னைக்கே மாட்டியிருக்கும்.

போன கார்டுக்கு பில்லு இருக்கா? இருந்தா டெஸ்ட் ரிசல்ட்டை போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு விக்கிறவன்கிட்ட கேளுங்க, மசியலன்னா 1915க்கு போன் போடுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் அசையலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், அஞ்சு லட்சம் வரைக்கும் உள்ள விஷயத்துக்கு ஃபீஸ் கெடையாது. கார்டு காசு வரும். சாமக்கொடைப் பாட்டு வராது, அதுக்கு வாரண்டி எந்தக் கம்பெனியும் குடுக்கிறது இல்ல.

கேள்வி: போன்ல கெடந்த மைக்ரோ எஸ்டியை அடாப்டர்ல செருகி ரெக்கார்டர்ல போடலாமா? (அம்பாசமுத்திரம்)

பதில்: ஓடும். ஆனா தொடுற எடம் ரெண்டாயிருது, தவுல் அதிர்ற மேடைப் பக்கத்துல அது லேசா ஆடினா போச்சு. அடாப்டர் பக்கவாட்டுல ஒரு லாக் பொத்தான் இருக்கும், அது லொடலொடன்னு ஆகி, கார்டு லாக் ஆயிருக்குன்னு மெஷின் அடம் புடிக்கும். பெரிய எஸ்டியே வாங்கிருங்க, வெலையில பெரிய வித்தியாசம் இல்ல. அப்புறம் மஞ்சள் நீராட்டு நடக்குற பக்கம் மெஷினை வைக்காதீங்க, திருநீறு அள்ளுன கையோட கார்டை மாத்தாதீங்க.

கேள்வி: கணியான் கூத்து பதியும்போது கரண்டு போய் ஜெனரேட்டர் மாத்துனாங்க, அந்த ஃபைல் எல்லாம் 0ன்னு காட்டுது. திரும்பக் கெடைக்குமா? நம்மதும் ஆர்16தான். (தென்காசி)

பதில்: அந்தக் கார்டை உடனே வெளிய எடுத்து லாக் பண்ணி வைங்க, அதுல இனி ஒண்ணும் எழுதக்கூடாது, ஃபார்மட் பண்ணவாங்கேட்டா நோ குடுங்க. ஸ்டாப் அமுக்கும்போதுதான் ஃபைல் எம்புட்டு நீளம்னு தலைப்புல எழுதும், அதுக்கு முன்னால கரண்டு போனா 0ன்னு நிக்கும், சத்தம் கார்டுல கெடக்க வாய்ப்பு இருக்கு. போட்டோரெக்னு ஒரு ஓசி சாஃப்ட்வேர் தோண்டி எடுத்துப் பாக்கும், கெடச்ச ஃபைல் தொறக்கலன்னா ஆடாசிட்டியில ரா டேட்டாவா இறக்கிப் பாருங்க. ஆனா ஒண்ணு, எட்டு ட்ராக்கையும் ஒரே சமயத்துல எழுதினதால துண்டு துண்டா மாறி மாறிக் கெடக்கும், மகுடம் (பறை) ஓடுற ட்ராக்குல நடுவுல அண்ணாவி (தலைமைப் பாட்டுக்காரர்) குரல் வந்து விழும், முழுசா கெடைக்கும்னு எண்ண வேண்டாம். அடுத்த தடவை ஆறு ஏஏ பேட்டரி புதுசா போட்டு அதுலயே ஓட்டுங்க, இல்லன்னா யுபிஎஸ் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, ஒவ்வொரு கதை முடியவும் ஸ்டாப் அமுக்கிட்டு புதுசா ஆரம்பிங்க.