பல்லடம், உடுமலை முழுக்கக் காற்றாலை. அப்புறமும் மேட்டூரில் ஏன் நிலக்கரி எரிகிறது?

கேள்வி நியாயமானது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வைகாசிக்கு மேல்தான் வேகமெடுக்கும். ஆடியில் பூளவாடிப் பக்கம் தென்னை மட்டைகள் ஒரே திசையில் படிந்து நிற்கும். ஐப்பசி வந்தால் அடங்கிவிடும். விசைத்தறியும் மில்லும் வருஷம் முழுக்க ஓடியாக வேண்டும். சூரிய மின்சாரம் பகலைச் சமாளிக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கை கொடுப்பது நிலக்கரியும் நீர்மின்சாரமும்தான்.

அதனால் மின்வாரியம் எத்தனை மெகாவாட் நிறுவியது என்பதை மட்டும் பார்க்காதீர்கள். உபரியைச் சேமிக்க என்ன செய்கிறது என்று பாருங்கள். நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டம் அதற்குத்தான்: மின்சாரம் மிஞ்சும்போது அவலாஞ்சி-எமரால்டு அணைத் தண்ணீரை மேலே உள்ள போர்த்திமந்து அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது. என்னைக் கேட்டால், நம் பகுதிக்கு இதுதான் முக்கியமான வேலை.

இன்னொன்று, நல்ல காற்று வீசும் இடங்களில் இன்னும் 250 கிலோவாட் பழைய காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் பெரிய புதுக் காற்றாலைகளை வைத்தால் அதே நிலத்தில் பல மடங்கு எடுக்கலாம். 2024-இல் பசுமை ஆற்றலுக்கெனத் தனிக் கழகம் பிரித்திருக்கிறார்கள். இந்த மாற்றத்தை அது வேகப்படுத்த வேண்டும்.